பாரிஸ் வேண்டாம் என்று சொன்னது நான்தான்

மகள் தன் லேப்டாப்பை எங்கள் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து, "அம்மா, நீங்களும் ஒரு சிட்டி சொல்லுங்கோ" என்று கேட்டபோது எனக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பாரிஸ். அந்தச் சொல்லைப் பல நாளாக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கேட்டவுடன் சொன்னால் ஏன் எதற்கு என்று துருவுவாள் என்று பயந்து, "எனக்கென்ன தெரியும் பிள்ளை, நான் எட்டாம் வகுப்போட நிண்டவள்" என்றேன்.

அது உண்மைதான். எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமானபோது என் படிப்பு நின்றது, பிறகு தொடரவில்லை. ஆனால் அந்தக் கிழமை நான் படித்த படிப்பு கொஞ்சமல்ல. வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடியே போனைத் தட்டித் தட்டி, பாரிசில் எந்தப் பக்கம் கோஷர் பேக்கரி இருக்கிறது, எந்தப் பக்கம் கோஷர் இறைச்சிக் கடை இருக்கிறது, அங்கேயிருந்து அக்காவின் வீட்டுக்கு எந்த ரயில் என்று எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். வாசிக்க முடியாததைப் போனே வாசித்துச் சொன்னது.

மகள் கட்டியது ஒரு யூதப் பிள்ளையை. கட்டுவதற்கு முன் வருசக்கணக்கில் படித்து, அவர்களுடைய குருமார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தானும் யூதப் பெண்ணானாள். இப்போது இதை இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அந்த நாட்களில் நான் மாதா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றால் செபம் வராது. பூசை முடிந்து வாசலில் யார் என்ன கேட்பார்களோ என்ற பயம்தான் வரும். பயப்படுவதில் எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மழை பெய்தால் மோட்டர்வேயில் போகும் மகளுக்குப் போன் எடுப்பேன். அவள் எடுக்காவிட்டால் மருமகனுக்கு எடுப்பேன். அவரும் எடுக்காவிட்டால் அடுப்பு நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து திரும்ப அவளுக்கே எடுப்பேன்.

கோஷர் என்ற யூதச் சாப்பாட்டுச் சட்டம், பன்றியும் நண்டும் கூடாது என்பதோடு முடிகிற விசயமில்லை. பாலும் இறைச்சியும் ஒன்றாகச் சேரக்கூடாது. சமைக்கிற சட்டியில் முன்பு என்ன சமைத்தார்கள் என்பதும் பார்க்கவேண்டும். ஆகவே என் மகள் என் வீட்டில் சாப்பிடுவதில்லை. வந்தால், தனக்கென்று வாங்கிக் குசினி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கும் கேத்தலை எடுத்துத் தண்ணீர் கொதிக்க வைத்து, கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றுவாள். பிள்ளைகள் இரண்டுக்கும் சாப்பாடு பெட்டியில் வரும். நான் தோலோடு வாழைப்பழம் கொடுப்பேன்.

"இது உங்களைப் பற்றினது இல்லை அம்மா, சட்டியைப் பற்றினது" என்பாள்.

நான் அதை நம்புகிறேன். நான் வேலை செய்வது மவுண்ட் வெல்லிங்டனில், சலாட் வெட்டிப் பைகளில் அடைக்கும் இடத்தில். இலைக்குள் பூச்சி இருந்தால் மகள் வீட்டில் அதைச் சாப்பிடமாட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, ஓடுகிற பெல்ட்டில் வரும் கீரையை நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பழகிவிட்டேன். சூப்பர்வைசர் ஏசுவார். சட்டி பற்றிய சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் என் அடுப்பில் கொதிக்கிற எதையும் என் பேரப்பிள்ளைகள் வாயில் வைத்ததில்லை என்பது, அவர்கள் போன பிறகு கடதாசிக் கோப்பைகளை எடுத்துக் குப்பையில் போடும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரியும்.

ஐரோப்பா என்ற யோசனை மருமகனுடையது. ஒருநாள் எல்லோருமாக ஷாப்பிங் சென்டருக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சின்னவள் ஒவ்வொரு கடைப் பலகையாகப் பார்த்துவிட்டு, "இதில் எங்களுடையது எது?" என்று தகப்பனைக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார். இந்த ஊரில் அவர்கள் உட்கார்ந்து இறைச்சி சாப்பிடக்கூடிய ஒரு கடையும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து ஐஸ் கட்டியாக வருவதை வாங்கிச் சமைப்பதுதான். அன்று இரவே அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார்: பிள்ளைகள் ஒருதரமாவது ஒரு கடைக்குள் போய், மெனுவில் எதை வேண்டுமென்றாலும் கையால் காட்டிக் கேட்கவேண்டும். அப்படிப்பட்ட ஒரு ஊருக்குப் போவோம். அம்மா அப்பாவும் வரட்டும்.

அந்த ஊர் எது என்பதற்குத்தான் அன்று லேப்டாப் வந்தது. மகள் பாதி இங்கிலிசில்தான் கதைப்பாள். எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

"லண்டன் எண்டா எல்லாம் ஈஸி" என்றாள்.

"லண்டன் வேண்டாம்" என்றார் என் மனுசன். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது சோபாவில் இருந்தபடி எல்லா வாகனத்தையும் ஓட்டுவார். "அங்க எங்கட சனம் விடாது. காலமை பூப்புனித நீராட்டு, பின்னேரம் பேர்த்டே. எந்த ஹோல்ல நிக்கிறம் எண்டு தெரியாமலே திரும்பி வந்திடுவம்."

"ஆண்ட்வெர்ப்?"

"அது எங்க கிடக்கு?"

"பெல்ஜியம் அப்பா. நிறையக் கோஷர். ஆனா மழை."

"மழை பாக்கவோ இவ்வளவு தூரம் போறது? யன்னலைத் திறந்தாக் காணுமே."

மருமகன் சிரித்தார். அவருக்குத் தமிழ் விளங்காது, ஆனால் மாமனார் வாய் திறந்தால் சிரிக்கவேண்டும் என்று தெரியும். புடாபெஸ்ட் என்றார், சுடுதண்ணீர்க் குளங்கள் உண்டென்றார். ரோம் என்றார். அப்போது நான் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "பாரிசில கோஷர் இல்லையோ?"

"இருக்கு, எக்கச்சக்கம். ஆனா…" மகள் மருமகனைப் பார்த்தாள். அங்கே யூத ஆட்களுக்கு இப்போது அவ்வளவு நல்லதில்லை என்று அவருடைய தாய் பயப்படுகிறாவாம். மகன் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் போகக்கூடாது என்று சொல்கிறாவாம்.

இன்னொரு நாளென்றால் அந்தத் தாயை விட நான்தான் கூடப் பயந்திருப்பேன். அன்று நான் சொன்னது எனக்கே புதினமாக இருந்தது: "எல்லா ஊரிலயும் எல்லாம் நடக்கும் பிள்ளை. பயந்தா வீட்டுக்குள்ளயே இருக்கவேண்டியதுதான்."

மகள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?"

 என் மனுசனுக்குக் காரணம் தெரியும். பாரிசில் என் அக்கா இருக்கிறா.

நான் கட்டியவர் வேறு ஆட்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. இரண்டு குடும்பமும் ஒரே வேதம், ஒரே திருப்பலி, ஒரே அந்தோனியார். ஆனால் கோயிலில் இருக்கும் வாங்குப் பலகை வேறு, பெண் எடுப்பது வேறு, ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பது கிடையாது. இடம்பெயர்ந்து ஒரே கொட்டிலில் கிடந்த காலத்தில்கூட உலைகள் தனித்தனியாகத்தான் கொதித்தன. நான் அந்த நேரத்தில்தான் அவரைக் கட்டினேன். என் தாய் தகப்பன் சாகும்வரை அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அக்கா அவ்வளவு மோசமில்லை. பாரிசுக்குப் போன பிறகும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும், ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமைக்கும் போன் எடுப்பா. பிள்ளை எப்படி என்று கேட்பா. குளிர் எப்படி என்று கேட்பா. அவர் எப்படி என்று கேட்டதில்லை.

அக்காவின் மனுசன், எங்கள் அத்தான், செத்த பிறகு அக்காவின் குரலில் ஏதோ தளர்ந்தது. ஒருநாள் திடீரென்று, "அவருக்கு இப்ப சுகம் பரவாயில்லையோ?" என்றா. எவர் என்று நான் கேட்கவில்லை. போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு, போன வருசம் ஒரு நாள் சொன்னா: "ஒருக்கா எல்லாருமா வாங்கோவன். நான் சமைச்சுப் போடுறன்."

எல்லாருமா. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஐபெல் கோபுரமும் ஆற்றில் போகும் படகும் எனக்கு எதற்கு? அக்கா தன் கையால் சோறு போட, அவர் அவ வீட்டு மேசையில் இருந்து சாப்பிடவேண்டும். அதை என் மகள் பார்க்கவேண்டும். மகளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. இவ்வளவு காலமும் பெரியம்மா ஏன் வரவில்லை என்று கேட்டால் தூரம் என்று சொல்லி வளர்த்தேன்.

கடைசியில் மகள் பாரிசுக்குச் சம்மதித்தாள். அம்மாவே பயப்படாத இடம் என்றால் பயமில்லாத இடம்தான் என்று சொல்லி மருமகனையும் சம்மதிக்க வைத்தாள். பெரியம்மா வீட்டுக்கும் ஒருநாள் போகலாம் என்றாள். நான் மெல்ல, "சாப்பாட்டுக்குக் கூப்பிடுறா" என்றேன்.

"அம்மா, போகலாம். ஆனா சாப்பிட ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே."

"புதுச் சட்டி வாங்கச் சொல்லட்டோ?"

"சட்டி மட்டும் இல்லையே. அடுப்பு, கத்தி, இறைச்சி, எண்ணெய்… பாவம் அம்மா, அவவைக் கஷ்டப்படுத்தாதேங்கோ. நாங்கள் போய் இருந்து கதைப்பம். முழுப் பழம் ஏதும் இருந்தா சாப்பிடுவம். உடைக்காத போத்தல் டிரிங்க் எண்டா ஓகே."

அவள் சரியாகத்தான் சொன்னாள். பிழையாகச் சொன்னது நான்.

அந்த இரவு எனக்கு வந்த யோசனைகளை எழுதினால் பக்கம் காணாது. அக்கா ஆட்டிறைச்சி எல்லாம் வாங்கிச் சமைத்து வைத்து, பிள்ளைகள் தட்டைத் தொடாமல் இருந்தால்? மகள் தன் பெட்டியை எடுத்து அக்காவின் மேசையில் வைத்தால்? முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நல்லது என்று முடிவெடுத்தேன். அக்காவுக்குப் பாரம் குறையச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அடுத்த ஞாயிறு பூசையால் வந்து போன் எடுத்தேன்.

அக்கா சந்தோசமாக இருந்தா. என்ன சமைக்கிறது என்றே தொடங்கினா. "அவருக்கு நண்டு பிடிக்குமோ? இங்க நல்ல நண்டு வரும்."

 அங்கேயே வாயை மூடிக்கொண்டு அழுதிருக்கலாம். ஆனால் மனதில் இருந்ததைச் சொல்லி முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

"அக்கா, பிள்ளையவை வேற வீட்டில சாப்பிடாதுகள். அவையின்ர சமயம் அப்பிடி. நீங்கள் ஒண்டும் கஷ்டப்படாதேங்கோ."

"சாப்பிடாதுகளோ? ஒண்டுமோ?"

"தண்ணியும் எங்கட கோப்பையில குடிக்காதுகள். குறை நினைக்காதேங்கோ. முழுப் பழம் ரெண்டு வையுங்கோ. ஒரு சோடாப் போத்தல் வாங்கி வைச்சு, அவைக்கு முன்னால உடைச்சுக் குடுத்தாக் காணும்."

 லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுபடவில்லை. அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது.

மகள் பிறந்த நேரம் அக்கா ஒருதரம் எங்களைப் பார்க்க வந்தா. என் மனுசனின் தாயும் தகப்பனும் எங்களோடு இருந்தார்கள். அக்கா கதிரையின் நுனியில் இருந்தா. அந்த வீட்டில் எதுவும் குடிக்கமாட்டா என்று அவரின் தாய்க்குத் தெரியும். இப்படி வருகிற ஆட்களுக்கு என்ன செய்வது என்றும் தெரியும். ஒரு சொல்லும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், ஒரு சோடாப் போத்தல் வாங்கிவந்து, அக்காவின் கண்ணுக்கு முன்னால் மூடியைக் கழற்றி நீட்டினா. கோப்பை கொடுக்கவில்லை. அக்கா போத்தலோடு பாதி குடித்துவிட்டு வைத்தா. இரண்டு இதரை வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு போனா. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றேன்.

"விளங்குது" என்றா அக்கா. "நல்லா விளங்குது. இவ்வளவு வருசமும் பொத்தி வைச்சிருந்து, இப்ப எடுத்துத் தந்திருக்கிறாய்."

"ஐயோ அக்கா, சத்தியமா இல்லை. இது அவையின்ர சட்டம். கோஷர் எண்டு…"

"எனக்கு ஒரு சட்டமும் படிப்பிக்காதை. பிள்ளையைச் சாட்டிச் சொல்லாதை. நான் அண்டைக்குக் குடிச்சனான்தானே? குடியாமல் வந்தனானோ? உன்ர மாமி உடைச்சுத் தந்ததைக் குடிச்சிட்டுத்தானே வந்தனான். வேற ஆக்கள் எண்டா வாசல் படலைக்கு உள்ளுக்கே வந்திருக்கமாட்டினம், தெரியுமோ உனக்கு?"

குடித்ததைத் தான் செய்த பெரிய தர்மமாக இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறா.  "ஓம் அக்கா, குடிச்சனீங்கள்" என்றேன். அதையும் அவ வேறுமாதிரி எடுத்துக்கொண்டா. போனை வைத்துவிட்டா.

வேண்டுமென்று சொன்னேனா என்று பிறகு பல தடவை என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. சோடா என்ற சொல் எப்படி அவ்வளவு லேசாக நாக்குக்கு வந்தது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அவர் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நல்ல காற்று. போய் எல்லாவற்றையும் சொன்னேன். நண்டு வாங்கிச் சமைக்க இருந்தாவாம் என்பதை இரண்டு தரம் சொன்னேன். கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், சோடா என்ற இடம் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். கிளிப் கீழே விழுந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு? நான் திரும்ப எடுத்துக் கதைக்கப்போறன். பிள்ளையவை சாப்பிடாட்டியும் நாங்கள் ரெண்டுபேரும் சாப்பிடுவம்தானே எண்டு சொல்லப்போறன். உங்களுக்குத்தானே அவ சமைக்கிறது."

"எனக்கும் ஒரு சோடா காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லையப்பா. உம்மட அக்காட்டச் சொல்லும், நானும் கோஷர் எண்டு."

முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. குனிந்து கிளிப்பை எடுத்து என்னுடைய வேலைச் சட்டையை மாட்டினார்.

"பாரிசுக்கு வாறன்" என்றார். "அவவின்ர வீட்டுக்கும் வாறன். கதிரையில இருப்பன். கையைக் காலை மடக்கி வடிவா இருப்பன். சாப்பிடமாட்டன். நீர் விரும்பினாச் சாப்பிடும்."

"இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லேல்லையே நீங்கள்."

"நீர் கேக்கேல்லை."

இத்தனை வருசமாக நான் யாருக்காக அந்தச் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்? அவருக்காக என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு அது வேண்டாம். வேண்டியது எனக்கு. என் ஆட்கள் என் மனுசனுக்குச் சோறு போட்டார்கள் என்று நான் சொல்லிக்கொள்வதற்கு, அவர் வயிறு வேண்டியிருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். உள்ளே வந்து குசினியை இரண்டு தரம் கூட்டினேன்.

பாரிசில் அந்த வீட்டுக் காட்சியை நினைத்துப் பார்த்தேன். மகளும் மருமகனும் பிள்ளைகளும் கடவுளுக்காகச் சாப்பிடமாட்டார்கள். அவர் கடவுள் இல்லாமலே சாப்பிடமாட்டார். எல்லோருக்கும் நடுவில் நான் ஒருத்தி ஆறிப்போன நண்டை உடைத்துக்கொண்டு இருப்பேன். மருமகன் ஏதாவது கேட்பார். மகள் ஏதாவது கேட்பாள். அக்காவுக்கு வாய் நிற்காது.

மகளுக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, பாரிஸ் வேண்டாம். எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஐ நியூ இட்!" என்றாள். பக்கத்தில் இருந்த மருமகனுக்கு உடனே மொழிபெயர்த்தாள். அவர் சிரிப்பது கேட்டது. "ஒரு மாசம்கூடத் தாங்கேல்லைப் பாத்தீங்களோ அம்மா? நான் சொன்னனான்தானே, உங்களால பயப்பிடாமல் இருக்க ஏலாது. இட்ஸ் ஓகே. தொப்பி விசயம்தானே? அவரின்ர அம்மாவுக்கும் சந்தோசம்."

"ஓம், தொப்பி விசயம்தான்."

என் வாழ்க்கையில் நான் பட்ட பயமெல்லாம் உண்மை. பயப்படாமலே பயம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதை ஒருவரும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

பெரியம்மா வீடு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். "பெரியம்மா அந்த நேரம் ஊரில நிக்கமாட்டாவாம்" என்றேன்.

அப்படித்தான் ரோம் வந்தது. அங்கே பழைய யூதத் தெரு ஒன்று இருக்கிறதாம், இரண்டு பக்கமும் கோஷர் கடைகளாம். பூப்போல விரித்துப் பொரித்த ஏதோ ஒரு மரக்கறி பேர்போனதாம். சின்னவளுக்கு மெனுவின் படத்தைப் போனில் காட்டி, இதில் எல்லாமே உங்களுடையது என்று சொன்னார்களாம். அவள் நம்பவில்லையாம். இதைக் கேட்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

"அதோட அம்மா, உங்களுக்கு வத்திக்கான்!" என்றாள் மகள். எனக்காகவே ரோமைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

கோயிலில் அது பரவிவிட்டது. எங்கள் செபக்கூட்டத்தில் மன்னார் ஆட்களும் உண்டு, தமிழ்நாட்டு ஆட்களும் உண்டு. மகளின் கலியாணத்துக்குப் பிறகு என்னோடு பட்டும் படாமலும் கதைத்தவர்களெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுத்து வைச்சனீங்கள்" என்றா ஒருத்தி. "யூத மருமகன் மூலமா ஆண்டவர் உங்களை ரோமுக்கு அனுப்புறார் பாருங்க" என்றா மதுரைக்கார அம்மா ஒருத்தி. செபமாலை வாங்கிவரச் சொன்னார்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பாப்பரசரைப் பார்க்கப் போகிறவள் முகம் இப்படியா இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். என்னைத் தெரிந்தவர்கள், விமானத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பெரிய கிழமையும் வந்து போனது. விட்டுவிடு என்று அவர் சொன்னார். விடத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? கடைசியில் ஒரு விடுமுறை நாள், அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து நானே எடுத்தேன். ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. களைத்த குரலில், "சொல்லு" என்றா.

பாரிசுக்கு வரவில்லை என்று சொன்னேன். ரோமுக்குப் போகிறோம் என்று சொன்னேன். அங்கேயிருந்து ரோம் கிட்டத்தானே, விருப்பமென்றால் ஒரு நாளைக்கு வாருங்கோ என்றேன். "பிள்ளையவை ஒரு கடையில எல்லாருக்கும் மேசை போட இருக்கினம். அங்க எல்லாரும் சாப்பிடலாம் அக்கா. ஒருத்தருக்கும் ஒரு தடையுமில்லை."

"கடையிலயோ?"

"ஓம்."

"அவரும் கடைக்குத்தானே வருவார்?"

"ஓம் அக்கா. எல்லாரும் கடைக்குத்தான்."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டா. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல நீண்ட மூச்சு. "அது நல்லது" என்றா. குரல் அப்படியே மாறிவிட்டது, பழைய நத்தார் குரல் வந்துவிட்டது. "கடையெண்டா பிரச்சினை இல்லை. வீடு எண்டா இங்க இருக்கிற சனம் வேற, அத்தானின்ர தங்கச்சியவை வேற, வந்து போவினம். கடையெண்டா ஆர் பாக்கப்போகினம்? நான் வாறன். மகனிட்டச் சொல்லி டிக்கெட் பாக்கிறன்."

அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாருமா வாங்கோ என்று சொன்ன நாளிலிருந்து, நாங்கள் உண்மையாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவ அங்கே பயந்துகொண்டிருந்திருக்கிறா. நான் இங்கே பயந்தது போலவே. அந்த நண்டைச் சமைத்துப் போட்டிருப்பா, இல்லையென்று சொல்லமாட்டேன். கதவைச் சாத்திவிட்டுப் போட்டிருப்பா.

"என்ன, இருக்கிறியோ?" என்றா அக்கா.

"இருக்கிறன் அக்கா. வாங்கோ."

மகளுக்கு எடுத்துப் பெரியம்மா ரோமுக்கு வருகிறா, அந்தக் கடையில் இன்னொரு கதிரை சொல்லிவிடு என்றேன். ஊரில் நிற்கமாட்டா என்றீர்களே என்று அவள் கேட்கவில்லை. மறந்திருப்பாள்.

"அம்மா! தட்ஸ் ஸோ நைஸ்! முதல் முதலா எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடப்போறம், என்ன?"

"ஓம் பிள்ளை, நல்லதுதான்" என்றேன்.